யாழைத் தேடிப் போன அறிவியல் பட்டதாரி

போன செமஸ்டர் முடியும் நேரத்தில் எங்கள் பல்கலைக்கழக இந்து மாணவர்கள் சேர்ந்து முன்னாள் மாணவர் சந்திப்பு ஒன்று நடத்தினோம். அறிவிப்பாளர் வேலை என் தலையில் விழுந்தது. வந்திருந்த அண்ணன்மார், அக்காமார் ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு சின்னக் குறிப்பு கையில் கொடுத்தார்கள். எந்த ஆண்டு பட்டம், எந்தக் கம்பெனி, என்ன பதவி, எந்த நாட்டில் வேலை. நானும் மூச்சு விடாமல் வாசித்து, கைத்தட்டல் வாங்கி, உட்கார்ந்துவிட்டேன்.

சாப்பாட்டு நேரத்தில் ஒரு அக்கா பக்கத்தில் வந்து நல்லா பேசினே தம்பி என்றார். கூடவே ஒரு கேள்வியும் கேட்டார். எல்லாரும் எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று சொன்னாயே, படித்த படிப்பை வைத்து யாருக்கு என்ன செய்தார்கள் என்று ஒருத்தரைப் பற்றியும் சொல்லவில்லையே என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் எனக்கு அன்றைக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

ஏனென்றால் அந்தக் கேள்வி எனக்கும் பொருந்தும். இரண்டு வருடமாகச் சனிக்கிழமைகளில் ஒரு தமிழ்ப்பள்ளியில் நம்ம இயக்கத்தின் டியூஷன் வகுப்பில் கணிதம் சொல்லிக் கொடுக்கிறேன். இறுதியாண்டு வரப்போகிறது, இதையெல்லாம் நிறுத்திவிட்டு முதலில் படிப்பைப் பார், சேவையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டில் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். நானும் பாதி ஒப்புக்கொண்டிருந்தேன். படிப்பு ஒரு பக்கம், சேவை ஒரு பக்கம். ஒன்றை முடித்துவிட்டு இன்னொன்று என்றுதான் நாம் எல்லாரும் நினைக்கிறோம், இல்லையா?

இந்த இதழுக்கு ஒரு பட்டதாரியின் வாழ்க்கையை எழுதித் தரச் சொன்னபோது, நான் சுவாமி விபுலானந்தரைத் தேர்ந்தெடுத்தேன். நம்மில் பலருக்கு அவர் பெயர் தெரியும். இராமகிருஷ்ண மடத்துச் சுவாமி, ஏதோ யாழைப் பற்றி நூல் எழுதியவர் என்ற அளவில் தெரியும். அவர் லண்டன் பல்கலைக்கழகத்தின் அறிவியல் பட்டதாரி, வேதியியல் கற்பித்தவர், இரண்டு பல்கலைக்கழகங்களில் முதல் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கே சமீபத்தில்தான் தெரிந்தது.

காரைதீவு மயில்வாகனன்

இலங்கையின் கிழக்குக் கரையில், மட்டக்களப்புக்குத் தெற்கே கடலோரத்தில் இருக்கிறது காரைதீவு. அந்த ஊரில் 1892ஆம் ஆண்டு சாமித்தம்பி, கண்ணம்மை தம்பதியருக்குப் பிறந்தவர் மயில்வாகனன். இதுதான் சுவாமிகளின் இளமைப் பெயர்.

ஊரில் தமிழும் சமயமும் கற்றார். பிறகு கல்முனையில் ஒரு மெதடிஸ்ட் பள்ளியிலும், அதன் பின் மட்டக்களப்பு புனித மைக்கேல் கல்லூரியிலும் ஆங்கிலக் கல்வி. கணிதத்தில் கெட்டிக்காரர். 1908இல், 16 வயதில், கேம்பிரிட்ஜ் சீனியர் தேர்வில் தேறிவிட்டார். அந்தக் காலத்தில் அந்தத் தேர்வுச் சான்றிதழ் கையில் இருந்தால் அரசாங்க அலுவலகத்தில் ஒரு நல்ல நாற்காலி காத்திருக்கும். இவர் ஆசிரியர் வேலையை எடுத்துக்கொண்டார். பிறகு கொழும்பில் ஆசிரியர் பயிற்சி பெற்றார்.

1916ஆம் ஆண்டு இவருக்கு இரண்டு வெற்றிகள். ஒன்று, கொழும்பு அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியில் அறிவியல் டிப்ளோமா. இன்னொன்று, மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்வு. இலங்கையிலிருந்து அந்தத் தேர்வில் தேறிய முதல் ஆள் இவர்தான் என்று சொல்வார்கள். பண்டிதர் தேர்வு லேசான தேர்வு அல்ல. இலக்கணம், சங்க இலக்கியம் எல்லாம் கரைத்துக் குடித்திருக்க வேண்டும். அதையும் அறிவியல் டிப்ளோமாவையும் ஒரே ஆண்டில் ஒருவர் கையில் வைத்திருக்கிறார்! நான் ஒரு செமஸ்டரில் ஒரு பாடம் கூடுதலாக எடுத்ததற்கே இரவெல்லாம் விழித்திருந்தேன்.

ஊரிலிருந்தே லண்டன் பட்டம்

அந்தக் காலத்தில் இலங்கையில் பல்கலைக்கழகம் கிடையாது. கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியதே 1921இல்தான். பட்டம் வேண்டுமானால், வசதி உள்ளவர்கள் கப்பலேறிப் போவார்கள். மற்றவர்களுக்கு ஒரே வழி, லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரி மாணவராகப் பதிந்துகொண்டு, சொந்த ஊரிலேயே வேலை பார்த்துக்கொண்டு, தானாகப் படித்துத் தேர்வு எழுதுவது. விரிவுரை கிடையாது, டியூட்டோரியல் கிடையாது, போன ஆண்டு கேள்வித்தாள்களை வாட்ஸ்அப்பில் அனுப்பும் சீனியர்களும் கிடையாது.

மயில்வாகனனார் அந்த வழியில்தான் போனார். 1917இல் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் அறிவியல் ஆசிரியராகச் சேர்ந்தார். பகலில் மாணவர்களுக்கு வேதியியல், மீதி நேரத்தில் தன் படிப்பு. இப்படியே லண்டன் பி.எஸ்.ஸி. பட்டத்தை முடித்தார். 1920இல் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபர் ஆனார். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் தலைமையாசிரியர். வயது 28.

கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். கிராமத்துப் பையன், தானாகப் படித்து லண்டன் பட்டம், முப்பது வயதுக்குள் ஒரு பெரிய கல்லூரியின் தலைமைப் பதவி. எங்கள் சந்திப்பில் அவர் வந்திருந்தால், நான் வாசித்திருக்கும் குறிப்பு இத்தோடு நிறைவாக முடிந்திருக்கும். கைத்தட்டலும் பலமாக விழுந்திருக்கும்.

பதவியை விட்டார், படிப்பை விடவில்லை

யாழ்ப்பாணத்தில் இருந்தபோது இராமகிருஷ்ண இயக்கத்தோடு அவருக்கு நெருக்கம் வளர்ந்திருந்தது. 1922இல் அதிபர் பதவியை விட்டுவிட்டுச் சென்னைக்குப் போய், மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்தார். அங்கே பிரமச்சாரியாக இருந்த காலத்தில் அவருக்குப் பிரபோத சைதன்யர் என்று பெயர். 1924 சித்திரா பௌர்ணமி அன்று, பகவான் இராமகிருஷ்ணரின் நேரடிச் சீடரான சுவாமி சிவானந்தர் அவருக்குச் சந்நியாசம் அளித்தார். அன்றிலிருந்து அவர் சுவாமி விபுலானந்தர்.

பெயர்க் குழப்பம் வராமல் இருக்க ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தச் சிவானந்தர் வேறு, நம் மலாயாவில் டாக்டராக வேலை பார்த்துவிட்டு ரிஷிகேசம் போன சுவாமி சிவானந்தர் வேறு. அவருடைய கதையும் நம் இளைஞர்கள் படிக்க வேண்டியதுதான், அது இன்னொரு நாளைக்கு.

சந்நியாசி ஆனார் என்றதும், படித்ததையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டுத் தியானத்தில் உட்கார்ந்துவிட்டார் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். நடந்தது அப்படி இல்லை. மடத்தில் இருந்தபோது தமிழில் வந்த இராமகிருஷ்ண விஜயம், ஆங்கிலத்தில் வந்த வேதாந்த கேசரி ஆகிய இதழ்களின் ஆசிரியப் பணி அவருக்கு வந்தது. 1925இல் இலங்கை திரும்பியதும், இராமகிருஷ்ண மிஷன் பள்ளிகளின் பொறுப்பு வந்தது. யாழ்ப்பாணத்தில் வைத்தீசுவர வித்தியாலயம், திருகோணமலையில் இந்துக் கல்லூரி, மட்டக்களப்பு கல்லடி உப்போடையில் 1929இல் திறந்த சிவானந்த வித்தியாலயம் என்று பள்ளிகள் வளர்ந்தன. தனக்குத் தீட்சை கொடுத்த குருவின் பெயரைத்தான் அந்தக் கடைசிப் பள்ளிக்கு வைத்தார். ஆதரவற்ற பிள்ளைகள் தங்கிப் படிக்க இல்லமும் அமைத்தார்.

ஏன் இவ்வளவு பள்ளிகள்? அந்தக் காலத்து இலங்கையில் நல்ல ஆங்கிலக் கல்வியும் அறிவியல் கல்வியும் பெரும்பாலும் மிஷனரிப் பள்ளிகளில்தான் கிடைத்தன. சுவாமிகளே அங்கே படித்து, அங்கே கற்பித்தவர்தான். தனக்கு அங்கே கிடைத்த கல்வியை, ஏழைப் பிள்ளைகளுக்கு அவர்கள் சமயச் சூழலிலேயே கிடைக்கச் செய்ய வேண்டும் என்பதே அவர் வேலையாக இருந்தது. பதவியை விட்டாரே தவிர, ஆசிரியத் தொழிலை அவர் விடவே இல்லை. சம்பளம் வாங்கும் ஆசிரியர் காவி கட்டிய ஆசிரியர் ஆனார், அவ்வளவுதான்.

அண்ணாமலை நகரில் ஒரு சந்நியாசிப் பேராசிரியர்

சிதம்பரத்தில் 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உருவானது. அதை நிறுவிய ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் அழைப்பை ஏற்று, 1931இல் அங்கே முதல் தமிழ்ப் பேராசிரியராகப் பொறுப்பேற்றார் விபுலானந்தர். லண்டன் அறிவியல் பட்டமும் மதுரைப் பண்டிதர் பட்டமும் சேர்ந்த ஒருவரைத் தமிழ்த் துறைக்குத் தேடினால், அன்றைக்கு வேறு யார் கிடைத்திருப்பார்கள்?

அங்கே அவர் செய்த இரண்டு காரியங்கள் எனக்குப் பிடித்தவை.

ஒன்று, பாரதியார். இன்றைக்கு நம் மேடைகளில் பாரதியார் இல்லாமல் ஒரு பேச்சுப் போட்டி நடக்காது. ஆனால் பாரதி மறைந்து சுமார் பத்து ஆண்டுகளே ஆகியிருந்த அந்தக் காலத்தில், பெரும் புலவர்களில் பலர் அவரை ஒரு பெரிய கவிஞராக ஏற்கத் தயங்கினார்கள். மொழி எளிமையாக இருக்கிறது, பழைய இலக்கணக் கட்டு இல்லை என்று ஒதுக்கினார்கள். சங்க இலக்கியம் கரைகண்ட ஒரு பண்டிதரே பல்கலைக்கழகத்துக்குள் பாரதி கழகம் அமைத்து, மாணவர்களைக் கூட்டிவைத்து, பாரதி பாடல்களைப் படிக்க வைத்தபோது மற்றவர்கள் வாய் திறக்க முடியவில்லை.

இரண்டாவது, திருவேட்களம். பல்கலைக்கழகத்தை ஒட்டிய ஊர் அது. அங்கே சேரியில் இருந்த பிள்ளைகளிடம் சுவாமிகள் மாலை நேரங்களில் நடந்து போய், அவர்களுக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தார். தாழ்த்தப்பட்டவர்கள் கோயிலுக்குள் போக முடியாத காலம் அது. காலையில் பல்கலைக்கழகத்தில் சிலப்பதிகாரம், மாலையில் சேரியில் அரிச்சுவடி. இரண்டையும் செய்தவர் ஒரே ஆள். இதைப் படித்தபோது என் சனிக்கிழமை வகுப்பு ஞாபகம் வந்தது. நேரம் இல்லை என்று நான் சொல்லிக்கொண்டிருந்ததும் கூடவே ஞாபகம் வந்தது.

ஆக்சிஜனுக்குத் தமிழில் என்ன?

வேதியியல் ஆசிரியராக இருந்தவருக்கு ஒரு பிரச்சினை நன்றாகவே தெரியும். பாடத்தை ஆங்கிலத்தில்தான் நடத்த முடியும். தமிழில் விளக்கப் போனால் சொல் இருக்காது. தாய்மொழியில் சொல் இல்லாத பாடம், ஆங்கிலம் படிக்க வசதியில்லாத பிள்ளைக்குக் கிடைக்கவே கிடைக்காது.

இந்தக் குறையைத் தீர்க்கச் சென்னையில் அறிஞர்கள் முயற்சி எடுத்தபோது, 1936இல் நடந்த கலைச்சொல்லாக்க மாநாட்டுக்கு விபுலானந்தர் தலைமை தாங்கினார். கணிதம், பௌதிகம், வேதியியல், தாவரவியல் என்று துறைவாரியாகச் சொற்கள் தொகுத்து, விவாதித்து, முடிவு செய்து, 1938இல் கலைச்சொற்கள் ஒரு நூலாக வெளிவந்தன. தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு அமிலமும் காரமும் புரியாது, அறிவியல் மட்டும் தெரிந்தவருக்குச் சொல் பிறக்காது. இரண்டும் தெரிந்தவர்தான் அந்த நாற்காலியில் உட்கார வேண்டியிருந்தது.

நம் நாட்டில் தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு வந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். அமிலம், வேதியியல், மின்னோட்டம் என்று ஆசிரியர் கரும்பலகையில் எழுதிப் போட, நாம் பார்த்து எழுதிக்கொண்டோமே, அந்த மாதிரிச் சொற்கள் தானாக முளைக்கவில்லை. யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

கணக்குப் போட்டுக் கண்டெடுத்த யாழ்

இப்போது யாழுக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. கொஞ்சம் கணக்கு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சங்க காலத்தில் தமிழரின் முதன்மையான நரம்புக் கருவி யாழ். பாணர் கையில் இருந்தது, சிலப்பதிகாரத்தில் மாதவியும் கோவலனும் மீட்டினார்கள். திருஞானசம்பந்தரோடு கூடவே போன திருநீலகண்ட யாழ்ப்பாணரை நம் தேவார வகுப்புப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் வீணை பரவிய பிறகு யாழ் மெல்ல மறைந்துவிட்டது. கருவி ஒன்றுகூட மிஞ்சவில்லை. செய்யும் தச்சரும் இல்லை, வாசிக்கும் குருவும் இல்லை. மிஞ்சியவை கோயில் சிற்பங்களும் பழைய நூல்களில் உள்ள வரிகளும்தான். அந்த வரிகளும் லேசில் புரியாது.

விபுலானந்தர் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையிலும் அதன் பழைய உரைகளிலும் கை வைத்தார். அங்கே ஏழு சுரங்களுக்கும் தமிழ்ப் பெயர் இருக்கிறது: குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவும் இருக்கிறது: 4, 4, 3, 2, 4, 3, 2. கூட்டிப் பாருங்கள், 22 வரும். ஒரு ஸ்தாயியை 22 அலகாகப் பிரித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இலக்கியம் மட்டும் படித்தவர் இதை ஒரு பழைய தகவலாகக் கடந்து போயிருப்பார். பௌதிகம் படித்தவருக்கு இதில் ஒரு கணக்கு தெரிந்தது.

வைப்ரேஷன் வகுப்பில் நாங்கள் முதல் வாரமே படிப்பது இது: இழுத்துக் கட்டிய ஒரு கம்பியின் நீளத்தைக் குறைத்தால், அதே விகிதத்தில் அதிர்வெண் கூடும். 90 சென்டிமீட்டர் நரம்பை 45 ஆக்கினால், அதே சுரம் மேல் ஸ்தாயியில் கேட்கும். 60 ஆக்கினால் இளி, அதாவது ப. 67.5 ஆக்கினால் உழை, அதாவது ம. இந்த இரண்டும் குரலோடு சேர்ந்து ஒலிக்கும்போது காதுக்கு இனிமையாக இருப்பதற்குக் காரணம், விகிதங்கள் 3க்கு 2, 4க்கு 3 என்று சின்ன எண்களாக இருப்பதுதான். பழந்தமிழர் இதற்கு இணை, கிளை, நட்பு, பகை என்று உறவுப் பெயர் வைத்திருந்தார்கள். எந்த நரம்பு எந்த நரம்புக்கு உறவு, எது பகை என்று சொல்லிவிட்டால், ஒன்றைப் பிடித்துக்கொண்டு எல்லா நரம்புகளுக்கும் சுருதி சேர்த்துவிடலாம்.

ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. குரலிலிருந்து இளி, அந்த இளியைக் குரலாக வைத்து அதற்கு ஓர் இளி என்று 12 முறை ஏறினால், ஏழு ஸ்தாயி தாண்டி மறுபடி குரலுக்கே வர வேண்டும். கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள். ஒன்றரையை 12 முறை பெருக்கினால் 129.75 வரும். இரண்டை 7 முறை பெருக்கினால் 128. சரியாகப் பொருந்தாது! இந்தச் சின்ன இடைவெளியை என்ன செய்வது என்பதுதான் உலகத்து இசை மரபுகள் பலவற்றுக்கும் இருந்த தலைவலி. பியானோவிலும் நாம் பஜனைக்கு வாசிக்கும் கீபோர்டிலும், எல்லாச் சுரத்தையும் ஆளுக்குக் கொஞ்சம் நகர்த்தி அந்த வித்தியாசத்தை மறைத்துவிடுகிறார்கள். 22 அலகுக் கணக்கு இதை வேறு வழியில் அணுகுகிறது. அலகுகள் ஒரே அளவாக இல்லாமல், ஒவ்வொரு சுரமும் தன் இயற்கையான விகிதத்தில் நிற்க இடம் கொடுக்கிறது.

யாழுக்கு இந்தத் துல்லியம் ரொம்ப முக்கியம். வீணையில் மெட்டுகள் இருக்கும், ஒரே கம்பியில் விரலை நகர்த்திப் பல சுரங்கள் வாசிக்கலாம். யாழில் ஒரு நரம்புக்கு ஒரு சுரம்தான். பேரியாழுக்கு 21 நரம்பு, சகோட யாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என்று உரையாசிரியர்கள் எண்ணிக்கை சொல்கிறார்கள். அப்படியானால் ஒரு பண்ணிலிருந்து இன்னொரு பண்ணுக்கு எப்படி மாறுவது? எந்த நரம்பைக் குரலாகக் கொள்கிறோமோ, அதற்கேற்பப் பாலை மாறும். குரலைக் குரலாகக் கொண்டால் செம்பாலை, துத்தத்தைக் குரலாகக் கொண்டால் படுமலைப்பாலை. கீபோர்டில் வெள்ளைக் கட்டைகளை மட்டும், ஒவ்வொரு முறையும் வேறு வேறு கட்டையிலிருந்து தொடங்கி வாசித்துப் பாருங்கள். ஒவ்வொன்றும் வேறு மெட்டாகக் கேட்கும். அதே தத்துவம்தான்.

சுமார் 14 ஆண்டுகள் இந்த ஆராய்ச்சி ஓடியது. இடையில் இமயமலையில் மாயாவதி ஆசிரமத்துக்குப் போய், பிரபுத்த பாரத என்ற ஆங்கில இதழின் ஆசிரியராக இருந்தார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் முதல் தமிழ்ப் பேராசிரியர் ஆனார். ஊர் மாறினாலும் பதவி மாறினாலும் யாழ் கூடவே வந்தது.

இதில் ஒன்றையும் மறைக்கக் கூடாது. எல்லாரும் அவரோடு ஒத்துப்போகவில்லை. அவருக்கு முன்பே தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917இல் கருணாமிர்த சாகரம் என்ற பெரிய நூலை எழுதி, சுருதி 24 என்று வாதிட்டிருந்தார். விபுலானந்தர் 22 என்று நின்றார். பின்னால் வந்த இசையறிஞர்களும் சுவாமிகளின் முடிவுகள் சிலவற்றை மறுத்திருக்கிறார்கள். ஆனால் மறுக்க வேண்டுமானாலும் கணக்குப் போட்டுத்தான் மறுக்க வேண்டும் என்ற நிலையை அவர் ஏற்படுத்திவிட்டார். எங்களிடம் பெரிய இசை இருந்தது என்று மேடையில் முழங்கிவிட்டுப் போவது எளிது. இந்த நரம்பு இவ்வளவு நீளம், இந்தச் சுரம் இந்த விகிதம் என்று தாளில் எழுதிக் காட்டுவது வேறு. எழுதிக் காட்டினால்தான் தப்பு இருந்தால் பிறர் திருத்த முடியும். எங்கள் லேப் ரிப்போர்ட்டில் லெக்சரர்கள் தலையில் அடித்துச் சொல்வதும் இதைத்தானே?

கோயிலில் அரங்கேறிய நூல்

யாழ் நூல் ஏழு இயல்களாக அமைந்தது. யாழின் உறுப்புகளில் தொடங்கி, நரம்பு, பாலை, பண் என்று போய், தேவாரத்துக்கு என்றே ஓர் இயல் வைத்திருக்கிறார். நம் திருமுறை ஓதும் விழாக்களில் பிள்ளைகள் நட்டபாடை, பழம்பஞ்சுரம் என்று பண்ணின் பெயரைச் சொல்லிவிட்டுப் பாடுகிறார்களே, அந்தப் பண்கள் சங்க காலத்து யாழோடு எப்படித் தொடர்பு கொண்டவை என்று அவர் தேடியிருக்கிறார். அவருக்கு இது வெறும் பழம்பொருள் ஆராய்ச்சி இல்லை. கோயிலில் இன்றும் பாடும் பாட்டின் வேரைத் தேடினார்.

கரந்தைத் தமிழ்ச் சங்கம் நூலை வெளியிட்டது. அரங்கேற்றம் 1947 ஜூன் மாதம், சோழ நாட்டில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் நடந்தது. சம்பந்தர் ஆற்று வெள்ளத்தில் ஓடக்காரன் இல்லாமலேயே, பதிகம் பாடி ஓடத்தைக் கரை சேர்த்த தலம் அது. சம்பந்தரின் பண்களை ஆராய்ந்த நூல் அங்கே அரங்கேறியது எவ்வளவு பொருத்தம்! அறிஞர்கள் கூடினார்கள். நூலில் சொன்ன கணக்குப்படி செய்த யாழ்களை ஊர்வலமாக எடுத்து வந்து, மீட்டியும் காட்டினார்கள். பல நூற்றாண்டுகளாகச் சிற்பத்திலும் செய்யுளிலும் மட்டும் இருந்த கருவியை அன்றைக்கு மக்கள் காதால் கேட்டார்கள்.

சுவாமிகளின் உடல்நிலை அதற்கு முன்பே நலிந்திருந்தது. அரங்கேற்றம் முடிந்து ஆறு, ஏழு வாரங்களில், 1947 ஜூலை 19 அன்று கொழும்பில் சமாதியடைந்தார். வயது 55. உடலை மட்டக்களப்புக்குக் கொண்டுபோய், அவர் கட்டி வளர்த்த சிவானந்த வித்தியாலய வளாகத்திலேயே சமாதி வைத்தார்கள். மட்டக்களப்பு வாவியில் நிலா இரவுகளில் நீருக்கடியிலிருந்து இசை மாதிரி ஒரு ஒலி வரும், பாடும் மீன் என்று ஊரார் சொல்வார்கள். அந்த ஒலியை வைத்தும் அவர் கவிதை எழுதியிருக்கிறார். அந்த வாவிக் கரை ஊரில்தான் அவர் துயில்கிறார்.

இனி நம் முறை

கட்டுரைக்காகக் குறிப்பெடுத்து முடித்த பிறகு, அந்த அக்கா கேட்ட கேள்வியை விபுலானந்தருக்குப் போட்டுப் பார்த்தேன். படித்த படிப்பை வைத்து என்ன செய்தார்? அறிவியலைத் தமிழுக்குக் கொண்டுபோனார், அங்கே அது இல்லாமல் இருந்தது. பல்கலைக்கழகத்தில் பாரதியை நுழைத்தார், அங்கே அவரைச் சேர்க்காமல் இருந்தார்கள். எழுத்தைச் சேரிக்குக் கொண்டுபோனார். கணக்கை யாழுக்குக் கொண்டுபோனார். எது எங்கே இல்லையோ, அங்கே அதைச் சுமந்து போயிருக்கிறார். படித்து முடித்துவிட்டு அப்புறம் சேவை என்று அவர் காத்திருந்ததாகத் தெரியவில்லை. படித்ததே சேவைக்குக் கருவியாகிவிட்டது.

எல்லாரும் காவி கட்ட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. எனக்கே பி.டி.பி.டி.என். கடன் இருக்கிறது, கட்டியாக வேண்டும். நல்ல வேலைக்குப் போவது தப்பும் இல்லை. ஆனால் நம்மில் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு துறையைப் படிக்கிறோம். கணக்கியல் படிக்கும் தங்கை கோயில் கணக்கைச் சீராக எழுதித் தரலாம். சட்டம் படிக்கும் தம்பி, பிறப்புப் பத்திரம் இல்லாமல் தவிக்கும் குடும்பத்துக்கு மனு எழுதித் தரலாம். மருத்துவம் படிப்பவர் தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல் பக்கத்தில் முதலுதவி மேசை போடலாம். சேவை என்றால் சாப்பாடு பரிமாறுவதும் நாற்காலி அடுக்குவதும் மட்டும்தான் என்று நினைத்துவிட்டோம். அதுவும் வேண்டும்தான். ஆனால் நாம் நான்கு வருடம் படித்த ஒன்று நம்மிடம் இருக்கிறதே, அதை யாருக்குக் கொடுக்கப் போகிறோம்?

போன சனிக்கிழமை வகுப்புக்கு ஒரு பழைய பலகையும் இரண்டு ஆணியும் ஒரு கிட்டார் கம்பியும் எடுத்துக்கொண்டு போனேன். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பின்னம் என்றாலே கசப்பு. கம்பியை 90 சென்டிமீட்டருக்குக் கட்டி, பாதியில் விரல் வைத்து மீட்டிக் காட்டினேன். அப்புறம் மூன்றில் இரண்டு பங்கு எவ்வளவு என்று கேட்டேன். வழக்கமாகப் பேசவே பேசாத ஒரு பையன் எழுந்து வந்து, ஸ்கேல் வைத்து அளந்து, சரியாக 60இல் விரலை வைத்தான். இளி கேட்டது. இன்னொரு தடவை என்றான்.

வீட்டில் பேசிவிட்டேன். இறுதியாண்டிலும் சனிக்கிழமை வகுப்பு தொடரும்.